அந்தச் சந்து எதற்கு என்று கேட்டார்கள்

சார்ஜாவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வாயு கசியக்கூடிய இடங்களில் ஓடும் எஃப்.எல்.பி. (ஃபிளேம்ப்ரூஃப், உள்ளே வெடித்தாலும் நெருப்பை வெளியே விடாத) மோட்டார்கள் எங்களிடம் நிறைய வரும். ஐஇசிஎக்ஸ் என்ற, வெடிப்பு அபாயமுள்ள இடங்களுக்கான சாதனங்களுக்கு உரிய சர்வதேசச் சான்று பெற்ற பட்டறைக்கு மட்டும்தான் இனி வேலை என்று ஒரு வாடிக்கையாளர் சொன்ன பிறகு நாங்களும் விண்ணப்பித்தோம்.

தணிக்கைக்கு வந்தவர் கோப்புகளைச் சீக்கிரமே மூடிவிட்டு நேரே பட்டறைக்குள் வந்தார். பெயின்ட் அடித்து அனுப்பத் தயாராக நின்ற ஒரு மோட்டாரில் டெர்மினல் பாக்ஸ் (ஒயர் இணைக்கும் பெட்டி) மூடியைக் கழற்றச் சொன்னார். மூடி உட்காரும் முகத்தில் சுற்றிலும் சிலிக்கான் பசை. தண்ணீர் இறங்கக் கூடாதென்று எங்கள் மூத்த அண்ணன் நூல் பிடித்த மாதிரி தடவியது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டி, "இந்தச் சந்து எதற்கு?" என்று தணிக்கையாளர் அண்ணனிடமே கேட்டார். இருபது வருடம் வேலை பார்த்தவர், வாய் திறக்கவில்லை. எனக்கும் தெரியாது.

உள்ளே வாயு புகுந்து வெடிக்கும் என்று எதிர்பார்த்தே அந்தப் பெட்டியைச் செய்கிறார்கள். வெடித்த நெருப்பு அந்தச் சந்து வழியே வரும்போது சூடு இறங்கி, வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காமல் அடங்க வேண்டும். அதில் பசைக்கு இடமில்லை. உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்தாலும் சந்து பெரிதாகும். எத்தனை மூடிகளைப் பளபளவென்று தேய்த்து அனுப்பியிருப்போம்! வயிற்றைக் கலக்கியது.

பசையைச் சுரண்டி, மூடியை முறுக்கி, சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டோம். 0.15 மி.மீ. தகடு ஒரு மூலையில் சுலபமாக நுழைந்தது, 0.20 நுழையவில்லை. 2பி வகை வாயுவுக்கு (எத்திலீன் போன்றவை), 25 மி.மீ. அகல முகத்துக்குத் தரவிதி அனுமதிப்பது 0.20 வரை. ஆனால் தயாரிப்பாளரின் வரைபடத்தில் 0.10 என்றிருந்தது. பழுதுபார்ப்புக்கான ஐஇசி 60079-19 தரவிதிப்படி, வரைபடத்தோடும் ஒத்துப்போனால்தான் பழுதுபார்த்ததைக் காட்டும் 'ஆர்' எழுத்தைச் சதுரத்துக்குள் முத்திரை குத்தலாம். தரவிதிக்கு மட்டும் பொருந்தினால் அதே 'ஆர்' தலைகீழ் முக்கோணத்துக்குள். நாங்கள் அதுவரை எந்த முத்திரையும் குத்தியதில்லை, பிரிக்கும் முன் அளந்து எழுதியதும் இல்லை.

அந்த முறை சான்று கிடைக்கவில்லை. கேஜ்களை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பி, ஒவ்வொரு மோட்டாருக்கும் பதிவேடு போட்டு, இரண்டாம் முறைதான் கிடைத்தது.

போன மாதம் அவசர வேலை ஒன்று. மூடியின் முகத்தில் உளி பட்ட பள்ளம். "இன்றைக்கே வேண்டும்" என்று போனில் சத்தம் போட்டார்கள். அண்ணன் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே, "புது மூடி வரட்டும் சார்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.