முதலில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் மைலேஜ் கேளுங்கள்

வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு வழிக்கு வந்ததும் அடுத்து வருவது வண்டிப் பேச்சு. வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: டொயோட்டா ராவ்4, ஹோண்டா சிஆர்-வி, மாஸ்டா சிஎக்ஸ்-5, ஹூண்டாய் டூசான், இதில் எது நல்ல மைலேஜ் கொடுக்கும்? தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் எனக்குத் தெரிந்ததை மொத்தமாக இங்கேயே போட்டுவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த காம்பாக்ட் கிராஸ்ஓவர் (கார் அடித்தளத்தில் செய்த, ரொம்பப் பெரிதில்லாத எஸ்யூவி) ரகத்தில் இன்று விற்கிற பெரிய கம்பெனி வண்டிகள் எல்லாமே ஓரளவு நல்லவைதான். எரிபொருள் செலவைக் காகிதத்தில் கணக்குப் போட்டு வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். இருக்கை உங்கள் முதுகுக்கு ஒத்து வருமா என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. வாங்கிய பிறகு அதை மாற்றவும் முடியாது. அதனால் என் வரிசை சௌகரியம், செலவு, பிக்கப் (சட்டென்று வேகமெடுக்கும் திறன்).

ஒரு எச்சரிக்கை. யூடியூபில் வேறு நாட்டு ரிவியூ பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு வேறு வண்டி விற்கிறார்கள். ஐரோப்பாவில் ஹோண்டா எச்ஆர்-வி என்பது ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) மட்டும் உள்ள சின்ன வண்டி. அமெரிக்காவில் 2023 மாடலிலிருந்து எச்ஆர்-வி என்று விற்பது அதைவிடப் பெரியது, ஹோண்டாவின் சிவிக் காரின் அடித்தளத்தில் செய்தது. கிட்டத்தட்ட அதே வண்டி ஐரோப்பாவில் இசட்ஆர்-வி. டூசானில் சில நாடுகளுக்கு நீளமான உடம்பு, சில நாடுகளுக்குக் குட்டையான உடம்பு. நிஸான் எக்ஸ்-டிரெயில் வட அமெரிக்காவில் ரோக். எக்ஸ்-டிரெயிலில் இ-பவர் என்று ஒரு வகை உண்டு. அதில் பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க மட்டும்தான், சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். பெயரை வைத்து ஒப்பிட்டால் இதெல்லாம் குழம்பிப்போகும். நீங்கள் இருக்கிற நாட்டின் அதிகாரப்பூர்வ விவரத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

சரி, சௌகரியம். டீலர் தரும் டெஸ்ட் டிரைவ் வழக்கமாகப் பக்கத்துத் தெருவைச் சுற்றி வருவதோடு முடிந்துவிடும். அது போதாது. பத்து நிமிடத்தில் எல்லா இருக்கையும் நன்றாகத்தான் இருக்கும். தொடைக்கு அடியில் இருக்கை முழங்கால் வரை தாங்குகிறதா, இடுப்புக்கான மேடு சரியான உயரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் முக்கால் மணி நேரத்துக்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்கும். வாங்கும் முன் அதே மாடலை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்ட முடிந்தால் அதைவிட நல்ல வழி இல்லை. அந்த வாடகைக் காசு வீண் போகாது. வீட்டில் இரண்டு பேர் ஓட்டுவீர்கள் என்றால் இரண்டு பேரும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உயரம் குறைந்தவருக்குச் சரியாக இருக்கிற ஸ்டியரிங் உயரமானவருக்கு எட்டாமல் போகலாம். சன்ரூஃப் உள்ள மாடலில் தலைக்கு மேல் இடம் கொஞ்சம் குறையும், அதையும் பாருங்கள்.

கைக்குழந்தை இருந்தால் உங்கள் சைல்டு சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம், டீலர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பின்பக்கம் பார்த்து மாட்டுகிற சீட்டைப் பின் இருக்கையில் மாட்டிவிட்டு, முன் இருக்கையை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அந்த முன் இருக்கையில் வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ முழங்கால் டேஷ்போர்டில் இடிக்காமல் உட்கார முடிகிறதா? இந்த ஒரு சோதனையிலேயே பட்டியலில் பாதி வண்டி கழன்றுவிடும். சிஎக்ஸ்-5 ஓட்ட அருமையான வண்டி, ஆனால் பின்சீட்டிலும் டிக்கியிலும் சிஆர்-வி அளவுக்கு இடம் இல்லை. எக்ஸ்-டிரெயிலில் பின்கதவு ஏறக்குறைய 90 டிகிரி திறக்கும். தூங்குகிற குழந்தையைத் தூக்கி வைக்கும்போது அதன் அருமை தெரியும். பெற்றோர் வந்து சில மாதம் தங்குவார்கள் என்றால் இருக்கையின் உயரத்தையும் கவனியுங்கள். இடுப்பு உயரத்தில் இருந்தால் குனியாமல், ஏறாமல் அப்படியே நகர்ந்து உட்கார்ந்துவிடலாம். செடான் வேண்டாம், கிராஸ்ஓவர்தான் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுதான்.

அடுத்தது டயர். விலை கூடிய வேரியன்ட்டில் 19 அங்குலச் சக்கரம் பளபளவென்று இருக்கும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 225/65 ஆர்17 என்றால் ரப்பர் சுவரின் உயரம் 225 மில்லிமீட்டரில் 65 சதவீதம், சுமார் 146 மி.மீ. 225/55 ஆர்19 என்றால் சுமார் 124 மி.மீ. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மெத்தை குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது உள்ளே உட்கார்ந்தவருக்கு அது நேராக வந்து சேரும். டயர் மாற்றும்போதும் 19 அங்குலம்தான் கூடுதல் செலவு. குளிர் நாட்டில் குளிர்கால டயர் தனியாக ஒரு செட் வாங்க வேண்டியிருந்தால் இரட்டைச் செலவு. அழகு முக்கியம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குடும்ப வண்டிக்கு 17 அல்லது 18 அங்குலம் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் சேர்ந்தால் மூன்று மணி நேரப் பயணத்தில் ஆள் களைத்துவிடுவார். டெஸ்ட் டிரைவில் பாட்டை நிறுத்திவிட்டுப் பின்சீட்டில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். ராவ்4 பல விஷயத்தில் கெட்டிக்கார வண்டி, ஆனால் ஐந்தாம் தலைமுறை மாடல் என் காதுக்குச் சத்தமாகத்தான் இருக்கிறது. சிஆர்-வி அதைவிட அமைதி.

இப்போது மைலேஜ். முதல் குழப்பம் அளவுதான். பல நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவார்கள். அங்கே எண் குறைந்தால் நல்லது. நமக்குப் பழக்கமான கணக்கு வேண்டுமானால் 100-ஐ அந்த எண்ணால் வகுங்கள்: 8 லிட்டர் என்றால் லிட்டருக்கு 12.5 கி.மீ. கேலன் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அதனால் கேலனுக்கு 40 மைல் என்பது அமெரிக்கக் கணக்கில் லிட்டருக்கு 17 கி.மீ., பிரிட்டிஷ் கணக்கில் 14 சொச்சம்தான்.

லிட்டருக்கு எவ்வளவு என்று பேசுவதில் ஒரு ஏமாற்றமும் ஒளிந்திருக்கிறது. 10-லிருந்து 12 ஆவது சின்ன முன்னேற்றம் மாதிரியும், 18-லிருந்து 22 ஆவது பெரிய முன்னேற்றம் மாதிரியும் தெரியும். 100 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் முதலாவதில் 1.7 லிட்டர் மிச்சம், இரண்டாவதில் 1 லிட்டர்தான். அதனால் வருஷத்துக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். சாதாரண பெட்ரோல் எஞ்சின் 100 கி.மீ.க்கு 8 லிட்டர், ஹைபிரிட் 6 லிட்டர் என்று வைப்போம். இந்த ரகத்துக்கு இது நியாயமான கணக்குதான். வருஷம் 15,000 கி.மீ. ஓட்டினால் 1,200 லிட்டர், 900 லிட்டர். மிச்சம் 300. ரயிலில் வேலைக்குப் போய் வண்டியை வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிறவருக்கு 5,000 கி.மீ. என்றால் மிச்சம் 100 லிட்டர்தான். அதை உங்கள் ஊர் பம்ப் விலையால் பெருக்குங்கள். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கேட்கும் பணத்தை அதனால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் ஹைபிரிட்டுக்காக மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஹைபிரிட் எங்கே லாபம் தரும் என்பதும் முக்கியம். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைப்பதும், நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் எஞ்சினை அணைத்து வைப்பதும்தான் அதன் பலம். சிக்னலும் நெரிசலும் உள்ள நகரத்தில் அள்ளிக் கொடுக்கும். 110, 120 வேகத்தில் பிரேக்கே போடாமல் போகிறவருக்கு வித்தியாசம் சுருங்கிவிடும். குளிரும் மைலேஜைத் தின்னும். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது: மைனஸ் 7 டிகிரியில் நகர ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் வண்டிக்குச் சுமார் 15 சதவீதம் குறையும், ஹைபிரிட்டுக்கு 30 சதவீதத்துக்கும் மேல் குறையலாம். அதனால் பனிக்காலத்தில் எண் சரிந்தால் வண்டியில் கோளாறு என்று பயப்படாதீர்கள்.

டீசல் கிடைக்கிற நாட்டில் இருந்தால், நெடுந்தூரம் ஓட்டுகிறவர் மட்டும் எடுங்கள். பள்ளிக்கூடம், கடை என்று குட்டிக் குட்டிப் பயணம் மட்டும் போனால் புகைக்கரி வடிகட்டி சூடாகித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் போடும் மூடியின் உள்பக்கம் எந்த ஆக்டேன் (பெட்ரோலின் ரகத்தைக் காட்டும் எண்) என்று எழுதியிருக்கும். வட அமெரிக்காவில் 87 என்று பார்த்து மட்டமான பெட்ரோல் என்று நினைக்க வேண்டாம். அங்கே அளவிடும் முறை வேறு. மற்ற நாடுகளின் கணக்கில் அது 91, 92 வரும். சாதாரண பெட்ரோல் போதும் என்று எழுதியிருந்தால் விலை கூடியதை ஊற்றி ஒரு பயனும் இல்லை.

பிக்கப் விஷயத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. வண்டி நிறைய ஆளும் பெட்டியும் இருக்கும்போது, நெடுஞ்சாலையில் ஏறும் சரிவில் 60-லிருந்து 110-க்குப் பயமில்லாமல் போகிறதா? புதிதாக ஓட்ட ஆரம்பித்தவர்களுக்குக் கை நடுங்கும் இடம் அதுதான். நின்ற இடத்திலிருந்து 100 வேகம் எத்தனை விநாடி என்பதைவிட இது முக்கியம். டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தோடு போங்கள், தனியாக ஓட்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். ஹைபிரிட் என்றால் மந்தம் என்ற எண்ணம் பழசு. அமெரிக்காவில் விற்ற ஐந்தாம் தலைமுறை ராவ்4-இல் பெட்ரோலுக்கு 203 குதிரைத்திறன், ஹைபிரிட்டுக்கு 219. வேகமானது ஹைபிரிட்தான். ஆனால் அழுத்தி மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும். சிவிடி கியர் (படிப்படியாக மாறாத ஆட்டோமேட்டிக்) உள்ள பெட்ரோல் வண்டிகளிலும் அப்படித்தான். இது பிடிக்காதவர்கள் சிஎக்ஸ்-5 ஓட்டிப் பாருங்கள். 2.5 லிட்டர் எஞ்சின், வழக்கமான 6 வேக ஆட்டோமேட்டிக், மிதித்தால் மிதித்த அளவுக்குப் பதில் சொல்லும். எரிபொருள் சற்றுக் கூடத்தான் குடிக்கும். வளைவான சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்கு அது தகும் என்பேன்.

நாலு சக்கர இழுவை வேண்டுமா? பனியும் செங்குத்தான ஏற்றமும் இருந்தால் வேண்டும். இல்லையென்றால் அது கூடுதல் எடை, கூடுதல் எரிபொருள். அது கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பனியில் நிறுத்துவது டயர். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நல்ல குளிர்கால டயருக்குப் போடுங்கள். சுபாரு ஃபாரஸ்டரில் பெரும்பாலான நாடுகளில் நாலு சக்கர இழுவை கூடவே வருகிறது. ஜன்னல்களும் பெரிது, நாலாபுறமும் நன்றாகத் தெரியும். பார்க்கிங்கில் தடுமாறுகிற புது ஓட்டுநருக்கு இதைத்தான் நான் முதலில் காட்டுவேன். பிக்கப் சுமார்தான்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம். ஹைபிரிட்டில் பேட்டரிக்குக் காற்று போகும் துளை பல மாடல்களில் பின்சீட்டின் அருகே இருக்கும். அது தூசியும் நாய் முடியுமாக அடைத்திருந்தால் பராமரிப்பு எப்படி இருந்தது என்று புரிந்துவிடும். இரண்டாவது, 2017, 2018 சிஆர்-வியின் 1.5 டர்போ எஞ்சினில், குளிரில் குறுந்தூரம் ஓட்டும்போது பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும் பிரச்சினை இருந்தது. ஹோண்டாவே வட அமெரிக்காவில் வாரண்டியை நீட்டித்தது. அந்த வருஷ வண்டி கிடைத்தால் சர்வீஸ் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்றாவது, பனிக்கு உப்புத் தூவுகிற ஊர் வண்டி என்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். மேலே மினுமினுத்து அடியில் துருப்பிடித்த வண்டிகள் நிறைய சுற்றுகின்றன. டிக்கியின் தரையையும் தூக்கிப் பாருங்கள். பல ஹைபிரிட்களில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் ஒட்டும் மருந்தும் ஒரு சின்ன பம்பும்தான்.

கையெழுத்துப் போடும் முன் கடைசி வேலை இன்சூரன்ஸ். இறுதிப் பட்டியலில் இருக்கும் இரண்டு மூன்று வண்டிக்கும் மாடல், வருஷம், வேரியன்ட் சொல்லித் தனித்தனியாக விலை கேளுங்கள். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கு, பெட்ரோலில் மிச்சம் பிடித்ததெல்லாம் இன்சூரன்ஸ் வித்தியாசத்திலேயே போய்விடக்கூடும். முன்பு இருந்த ஊரின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம், விபத்துக் கோரிக்கை எதுவும் இல்லை என்று கடிதம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எல்லாக் கம்பெனியும் அதை ஏற்காது, சில ஏற்கும். ஒன்று முடியாது என்றால் அடுத்ததைக் கேளுங்கள்.