டிசைஃபர்மென்ட்: 'மறைநீக்கம்' வேண்டாம், 'வாசிப்பு மீட்பு' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். படங்களின் தமிழ் சப்டைட்டிலுக்கு நாம் சேர்க்கும் சொற்பட்டியலில், டிசைஃபர்மென்ட் (படிக்கத் தெரியாமல் போன எழுத்தைப் படித்தறிதல்), டிகிரிப்ஷன் (சங்கேதத்தைப் பிரித்தறிதல்) இரண்டுக்கும் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> டிசைஃபர்மென்ட், டிகிரிப்ஷன் இரண்டுக்கும் 'மறைநீக்கம்' என்றே வைத்துவிடலாமே? படம் பார்க்கிறவருக்கு இந்த வேறுபாடு எதற்கு?

படம் பார்க்கிறவருக்குத்தான் முதலில் தேவை என்பேன். பழஞ்சுவடியைப் படித்துப் புதையலைத் தேடிப் போகும் சாகசப் படங்களில் மூன்று வெவ்வேறு வேலைகளை ஒரே ஆள் ஒரே இரவில் முடித்துவிடுகிறார். யாருக்கும் தெரியாத பழைய எழுத்தைப் படிக்கிறார். வேண்டுமென்றே ஒளித்து எழுதிய சங்கேதத்தை உடைக்கிறார். சுரண்டி அழித்த எழுத்தை விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிக்கிறார். தமிழ் சப்டைட்டிலிலும் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், முன்னோர் எழுதியதெல்லாம் நம்மிடமிருந்து மறைப்பதற்காகவே எழுதியது என்று ஆகிவிடும்.

உண்மை அதற்கு நேர்மாறு. ரொசெட்டாக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது எகிப்து மன்னர் ஐந்தாம் தாலமி காலத்தில், கி.மு. 196இல், எகிப்தியக் கோயில் குருமார் வெளியிட்ட ஆணை. கோயிலுக்குரிய ஹைரோகிளிஃப், அன்றாடம் புழங்கிய டெமோடிக், ஆட்சியாளரின் கிரேக்கம் என மூன்று எழுத்திலும் பொறித்தார்கள். எல்லாரும் படிக்கட்டும் என்பதுதான் நோக்கம். பின்னால் ஹைரோகிளிஃப் படிக்கத் தெரிந்தவர்கள் அற்றுப்போனார்கள். 1799இல் கல் கிடைத்து, 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் அந்த எழுத்து இயங்கும் விதத்தை விளக்கியபோது அவர் எந்த மறைப்பையும் நீக்கவில்லை. அறுந்துபோன வாசிப்பை மீட்டார். அதனால்தான் டிசைஃபர்மென்டுக்கு 'வாசிப்பு மீட்பு' என்று கேட்கிறேன்.

வாசிப்பு மீட்பு, சங்கேதம் உடைத்தல் இரண்டுக்கும் வழிமுறை ஒன்றுதானே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. பழங்கிரேக்க அரண்மனைகளின் களிமண் பலகைகளில் கிடைத்த லீனியர் பி எழுத்துக்கு ஆலிஸ் கோபர் செய்ததும் மைக்கேல் வென்ட்ரிஸ் செய்ததும் சங்கேதம் உடைப்பவர்களின் வேலையைப் போலவே இருக்கும். எந்தக் குறி எத்தனை முறை வருகிறது, சொல்லின் இறுதியில் எது மாறுகிறது என்று அட்டவணை போட்டுப் பார்த்தார்கள். 1952இல் வென்ட்ரிஸ் அதைக் கிரேக்கம் என்று நிறுவியபின் அவரோடு சேர்ந்த ஜான் சாட்விக், போர்க்காலத்தில் சங்கேதப் பிரிவில் பணியாற்றியவர். ஆனால் கருவி ஒன்று என்பதால் வேலையும் ஒன்றாகிவிடாது. அந்தக் களிமண் பலகைகளில் இருந்தது ஆடு, கம்பளி, எண்ணெய் என்று அரண்மனைக் கணக்கு. கணக்கர் அதை யாரிடமிருந்தும் ஒளிக்கவில்லை.

டிசைஃபர்மென்டுக்குப் 'பொருள்விளக்கம்' என்ற பரிந்துரையும் எனக்குச் சரிப்படவில்லை. பழைய இத்தாலியில் வழங்கிய எட்ரஸ்கன் மொழி அதற்குத் தடை. அதன் எழுத்து கிரேக்க எழுத்திலிருந்து வந்தது, ஒலிகளைப் படித்துவிடலாம். மொழிதான் பெரும்பகுதி புரியவில்லை. ஆக, வாசிப்பு கைக்கு வந்தபிறகும் பொருள் வராமல் இருக்கலாம். படங்களில் நாயகன் எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் சரளமாக மொழிபெயர்ப்பது இந்த இடைவெளியை விழுங்கிவிடுகிறது. நம் சொல்லாவது அதை விட்டுவைக்கட்டும்.

அப்புறம், 'மறை'யில் இன்னொரு சிக்கல். தமிழில் மறை என்றால் வேதமும்தான். இந்த வகைப் படங்களில் பாதி, மடங்களிலும் தேவாலய நிலவறைகளிலும் நடக்கிறவை. அங்கே 'மறையெழுத்து' என்றால் திருமறையா, இரகசியமா? ஒளித்து எழுதியதற்குக் 'குறியாக்க'மும் உதவாது, யூனிகோடு குறியாக்கம் என்று அது வேறு வேலைக்குப் போய்விட்டது. எல்லாருக்கும் தெரிந்த 'சங்கேத எழுத்து' இருக்கட்டும். வடசொல் என்பதற்காக அதைத் தள்ள எனக்கு மனமில்லை. திறவுகோல் கையில் இருப்பவர் செய்வது சங்கேதப் பிரிப்பு, இல்லாதவர் செய்வது சங்கேத உடைப்பு.

செய்தி இருப்பதே தெரியாதபடி மறைக்கும் ஸ்டெகனோகிராஃபிக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. தண்டியலங்காரம் சித்திரகவிகளில் (எழுத்து விளையாட்டுப் பாட்டுகளில்) கரந்துறைச் செய்யுளைச் சொல்கிறது, கரத்தல் என்றால் மறைத்தல்: ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். ஓவியத்துக்குள் வரைபடம், கடிதத்துக்குள் கடிதம் என்று படங்களில் வருவதெல்லாம் இதுதான். 'கரந்துறை எழுத்து' என்று தயங்காமல் வைக்கலாம்.

எழுதியதை அழித்துவிட்டு அதன்மேல் மறுபடி எழுதிய ஏடான பாலிம்செஸ்டுக்குத்தான் புதிதாக ஆக்க வேண்டியிருக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதியதைச் சுரண்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி எழுத முடியாது, தோலேட்டில் முடியும். ஆர்க்கிமிடீஸின் நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் படியெடுத்த ஏட்டை, 13ஆம் நூற்றாண்டில் சுரண்டிக் கழுவி அதன்மேல் பிரார்த்தனை நூலை எழுதினார்கள். 1906இல் டென்மார்க் அறிஞர் ஹைபெர்க் கண்ணால் முடிந்தவரை படித்தார். மிச்சத்தில் பெரும்பகுதியை நம் காலத்தில் பல அலைநீள ஒளிப்படங்களும் எக்ஸ்-கதிரும் வெளிக்கொண்டுவந்தன. இதிலும் இரகசியம் ஏதுமில்லை, தோலை மறுபடி பயன்படுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். என் பரிந்துரை 'அழித்தெழுது ஏடு'. அடியில் இருப்பது அடியெழுத்து, மேலே இருப்பது மேலெழுத்து. பாலிம்செஸ்டுக்கு 'மறுபயன் சுவடி' என்றவருக்கு: சுவடி என்றதும் ஓலைதான் நினைவுக்கு வருகிறது.

இதுவரை யாராலும் படிக்க முடியாத வாய்னிச் சுவடியை இந்த வகைகளில் எங்கே வைப்பது என்ற கேள்வி நல்ல கேள்வி. யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் அதன் தோல் 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று கரிமக் கணிப்பு சொல்கிறது. எழுத்து சங்கேதமா, தெரியாத மொழியா, பொருளே இல்லாத கோடுகளா என்பது முடிவாகவில்லை. முடிவாகும் வரை எந்தப் பக்கமும் சாயாத சொல் வேண்டும். 'பிடிபடா எழுத்து' எனலாம். 'பிடிபடு' என்ற இதே வினை வசனத்துக்கும் கைகொடுக்கும். நாயகி மூச்சு வாங்க ஓடிவந்து "வாசிப்பை மீட்டுவிட்டேன்" என்று சொன்னால் எடுபடாது. "எழுத்து பிடிபட்டுவிட்டது!" என்றால் திரையில் ஒரே வரியில் அடங்கும், பேச்சாகவும் இருக்கும். கட்டுரைக்கு வாசிப்பு மீட்பு, வசனத்துக்குப் பிடிபடுதல் என்று பட்டியலில் இரண்டையும் சேர்க்கலாம்.

சூடுகாட்டினால் தெரியும் மைக்குக் 'காணா மை', 'கரப்பு மை' இரண்டும் வந்திருக்கின்றன. நான் 'கரப்பு மை' பக்கம். கரந்துறை எழுத்தோடு ஒரே வேரில் நிற்கும். ஆனால் கேட்பவர் காதில் கரப்பான் வந்து விழுமோ என்ற தயக்கம் உண்டு. மற்றவர்கள் சொல்லுங்கள்.