நுரையீரல் கட்டி: வழிகாட்டு பிராங்கோஸ்கோப்பி மும்பையில் எங்கே?

செம்பூரில் வசிக்கும் என் அப்பாவுக்கு (வயது 67) வலது நுரையீரலின் மேல் மடலில், வெளி ஓரத்தையொட்டி மார்ச் மாத சி.டி. ஸ்கேனில் 18 மி.மீ. இருந்த கட்டி, ஜூனில் 22 மி.மீ. ஆகியிருக்கிறது. வறட்டு இருமல் உண்டு, காய்ச்சல் இல்லை.

சாதாரண பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்ப்பது) கட்டி இருக்கும் சிறு மூச்சுக்குழாய்க் கிளைகளை எட்டவில்லை. அப்போது நுரையீரலைக் கழுவியெடுத்த நீரில் காசநோய்க் கிருமியோ புற்றணுவோ தென்படவில்லை. நெஞ்சுச் சுவர் வழியே ஊசி செலுத்தலாமென்றால், புகைப்பழக்கத்தால் வந்த எம்ஃபிசிமா (நுரையீரலின் காற்றறைகள் சிதைந்துபோகும் நோய்) காரணமாகக் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கும் அபாயம் அதிகம் என்று மருத்துவர் தயங்குகிறார். ஊகத்தின்பேரில் காசநோய் மருந்தைத் தொடங்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. புற்றுநோயாக இருந்தால் அந்த மாதங்கள் திரும்ப வராது.

சி.டி. படத்தைக்கொண்டு பாதை வகுத்து, ரேடியல் அல்ட்ராசவுண்டால் (குழாய் வழியே உள்ளே செலுத்தும் சிறு ஒலியலைக் கருவி) கட்டியை உறுதிசெய்து திசு எடுக்கும் வழிகாட்டு பிராங்கோஸ்கோப்பியை மும்பையில் எந்த மருத்துவமனையில், ஏறத்தாழ என்ன செலவில் செய்துகொண்டீர்கள்?