ட்ரோன் ரிமோட் ஐடி: கம்மிச் செலவில் முடித்தவர்கள் அனுபவம்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

அக்கா மகன் டெக்சாஸில் படிக்கிறான். இங்கே என் பட்டறையில் சாலிடரிங் பழகினவன். போன இடத்திலும் பாகங்களை வாங்கி 5 இன்ச் சுழல் இறக்கை உள்ள ஒரு ட்ரோனைத் தானே கட்டிவிட்டான். அதை மைதானத்துக்கு எடுத்துப்போன அன்று, அங்கே பறக்கவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "ரிமோட் ஐடி போட்டிருக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார். பறக்கும் ட்ரோன் தன் அடையாளத்தையும் இடத்தையும் தானே அலையில் அறிவிக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி அது. அன்று ராத்திரியே எனக்குப் போன்: "மாமா, இது எவ்வளவு செலவு பிடிக்கும்?"

நான் உட்கார்ந்து படித்து அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வேறு யாருக்காவது உதவும்.

அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ இந்த விதியை 2021 ஜனவரியில் இறுதி செய்தது. ஓட்டுபவர்களுக்குக் கெடு 2023 செப்டம்பர் 16. நடவடிக்கை எடுக்காமல் 2024 மார்ச் 16 வரை பொறுத்தார்கள். அதற்கு மேல் சலுகை இல்லை. 2019 டிசம்பரில் வந்த முன்மொழிவில் இணையம் வழியாகவும் தகவல் அனுப்ப வேண்டும் என்றிருந்தது. நல்லவேளை, இறுதி விதியில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வைஃபை அல்லது புளூடூத் அலையில் ட்ரோனே தன் அடையாள எண், இருக்கும் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் சுற்றிலும் அனுப்பினால் போதும். மாதக் கட்டணம் எதுவும் கிடையாது.

கடையில் வாங்கும் பெரும்பாலான புது ட்ரோன்களில் இது உள்ளேயே வருகிறது. கையால் கட்டியதற்கும் பழசுக்கும் இந்தத் தகவலை அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை (மாட்யூல்) தனியாக வாங்கி ஒட்டலாம். அது ட்ரோன் கிளம்பிய இடத்தையும் சேர்த்து அனுப்பும். ஆனால் மாட்யூலோடு பறக்கும்போது ட்ரோன் கண்பார்வையை விட்டுப் போகக் கூடாது. எஃப்ஏஏ அங்கீகரித்த சில மைதானங்களுக்குள் மட்டும் பறந்தால் மாட்யூலே வேண்டாம். பொழுதுபோக்குக்குப் பறப்பவர் என்றால் 250 கிராமுக்குக் கீழே உள்ள ட்ரோனுக்கும் வேண்டாம். ஆனால் பெரிய பேட்டரி மாட்டி எடை கூடினால் அந்த விலக்கு போய்விடும்.

காசு மிச்சமாகிற இடம் ஒன்று இருக்கிறது. பொழுதுபோக்குக்காரர் 5 டாலர் கட்டி ஒரு பதிவு எண் வாங்கினால் அது அவருடைய எல்லா ட்ரோனுக்கும் 3 வருஷம் செல்லும். ஒரே மாட்யூலை வாங்கி, அதன் சீரியல் எண்ணைப் பதிவில் ஏற்றிவிட்டு, இன்றைக்கு இதில், நாளைக்கு அதில் என்று மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். மூன்று ட்ரோனுக்கு மூன்று வாங்க வேண்டியதில்லை. அவன் நூறு டாலருக்குள் ஒன்று வாங்கி, வெல்க்ரோ பட்டையில் கட்டி வைத்திருக்கிறான். வாங்கும் முன் அந்த மாடல் எஃப்ஏஏ ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பட்டியலில் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது தண்டச் செலவு.

பாலக்கோட்டிலிருந்து:

அண்ணா, இந்த விஷயம் நம்ம ஊருக்குள்ளும் வேறு ரூபத்தில் வந்துவிட்டது. நான் 10 லிட்டர் தெளிப்பு ட்ரோன் வைத்திருக்கிறேன். மா பூக்கிற பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கக் கூப்பிடுவார்கள். போன சீசனில் ஒரு விற்பனையாளர் வந்து, "இனிமேல் அடையாள பீக்கன் இல்லாமல் பறந்தால் பறிமுதல், 18 ஆயிரம் கொடுங்க, மாட்டித் தருகிறேன்" என்றார். பீக்கன் என்பது ட்ரோன் இருக்கும் இடத்தை உடனுக்குடன் அறிவிக்கும் கருவி. ஆதாரம் கேட்டேன். அவர் நீட்டிய தாளில் இருந்தது முழுக்க நீங்கள் மேலே சொன்ன அமெரிக்க விதி.

நம்ம ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25-ல் வந்தவை. அதில் விதி 12-ல் பீக்கன் பற்றிப் பேச்சு இருக்கிறது. ஆனால் மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டால்தான் அது கட்டாயம், வெளியிட்ட பிறகும் குறைந்தது 6 மாதம் அவகாசம் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. "அந்த அறிவிக்கையைக் காட்டுங்க, மாட்டிக்கொள்கிறேன்" என்றேன். அவரிடம் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், பாவம், ஏற்கெனவே அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார். பேங்க் லோனில் ட்ரோன் எடுத்த மனுஷன். எனக்கு வயிறு எரிகிறது. யார் வந்து கேட்டாலும் அறிவிக்கை எண்ணைக் கேளுங்கள், வாயால் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஓசூரிலிருந்து (கல்லூரி ஆய்வகம்):

எங்கள் மாணவர்கள் இதையே கற்றுக்கொள்வதற்காகச் செய்து பார்த்தார்கள். வைஃபையும் புளூடூத்தும் உள்ள, கட்டைவிரல் அகல இஎஸ்பி32-சி3 போர்டு, அதில் ட்ரோன் மென்பொருள் எழுதும் ஆர்டுபைலட் குழுவின் ஆர்டுரிமோட்ஐடி என்ற இலவச மென்பொருள். எங்கள் ட்ரோனில் ஏற்கெனவே பிக்ஸ்ஹாக் என்ற பறப்புக் கட்டுப்பாட்டு போர்டு ஜிபிஎஸ்ஸோடு இருந்ததால் தனி ஜிபிஎஸ் வாங்கவில்லை, இடத்தை அதுவே சொல்லிவிடுகிறது. நாலு ஒயர்தான் இணைப்பு. செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

போனில் ட்ரோன் ஸ்கேனர் என்ற இலவச ஆப்பைத் திறந்தால் மேப்பில் ட்ரோன் தெரிகிறது. முதலில் புள்ளி நகராமல் நின்று நின்று குதித்தது. போர்டில் கோளாறு இல்லை. வைஃபை ஸ்கேனை ஆண்ட்ராய்டு 2 நிமிடத்துக்கு 4 முறை என்று கட்டுப்படுத்துகிறது. போன் செட்டிங்ஸில் உள்ள டெவலப்பர் ஆப்ஷனில் அந்தக் கட்டுப்பாட்டை அணைத்ததும் சரியாக ஓடியது. பழைய போன் வைத்திருப்பவர்கள் புளூடூத் 4 முறையில் அனுப்பிப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் கிடைக்கும்.

காவேரிப்பட்டணத்து அண்ணா, இதைச் செய்து உங்கள் அக்கா மகனுக்கு அனுப்பலாம் என்று தோன்றினால் வேண்டாம். அலை அதேதான், ஆனால் அங்கே செல்லாது. மாட்யூலின் சீரியல் எண் தயாரிப்பாளருக்கென்று ஒதுக்கிய 4 எழுத்துக் குறியீட்டில் தொடங்க வேண்டும், விதிப்படி செய்தது என்று தயாரிப்பாளர் கொடுத்து எஃப்ஏஏ ஏற்ற உறுதிமொழியும் அதன் பின்னால் இருக்க வேண்டும். நாம் கட்டிய போர்டுக்கு இரண்டும் கிடையாது. படிக்க அருமையான வழி, சட்டத்துக்கு ஆகாது.

அரூரிலிருந்து:

நான் இப்போதுதான் 600 கிராமில் ஒன்று கட்டியிருக்கிறேன், சும்மா ஏரி மேல் பறக்கவிட. பீக்கன் வேண்டாம் என்றால் வேறு என்ன செய்ய வேண்டும்?

பாலக்கோட்டிலிருந்து:

தம்பி, முதலில் ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வாங்கிவிடுங்கள். விதியில் கட்டணம் 100 ரூபாய்தான். 250 கிராமிலிருந்து 2 கிலோ வரை மைக்ரோ வகை. வியாபாரத்துக்கு இல்லை என்றால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் 250 கிராம் வரையிலான நேனோ வகைக்கு மேல் போனதால் மூன்றாம் நபர் காப்பீடு போட வேண்டும். அப்புறம் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைக்குள் என்றால் 200 அடிதான். ஓசூர்ப் பக்கம் வரும்போது பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருப்பதை மனதில் வைத்து, அன்றன்றைக்கு வரைபடம் பார்த்துவிட்டுத் தூக்குங்கள்.