ஆச்சியின் நோட்டில் குழந்தைகளும் நாரைகளும்

ஊருக்கெல்லாம் அவர் நர்ஸம்மா. எனக்கு ஆச்சி. போன ஆனியில், குளத்துப் பறவைகள் வளர்ந்த குஞ்சுகளோடு கிளம்பிக்கொண்டிருந்த வாரத்தில் காலமானார். 77 வயது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வீட்டை ஒதுங்கவைத்தபோது, அவருடைய மரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஐந்து நீள நோட்டுகள் இருந்தன. இரண்டு மாதமாக அவற்றைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஆச்சி வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம். 1994இல் அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே, ஊர்க்காரர்கள் அந்தப் பறவைகளைப் பிள்ளைகளைப் போலக் காத்து வந்தார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல், தெருவிலும் வீட்டுக் கொல்லையிலும் உள்ள மரங்களில்கூட நாரைகள் கூடு கட்டும். தெரு முழுக்கக் கவிச்சை வீசும். ஒருவரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம்.

நோட்டுக்கு வருகிறேன். அரசாங்கப் பிரசவப் பதிவேடு வேறு. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படைத்துவிடுவார். இது அவர் தனக்கென்று எழுதி வைத்தது. ஒரு பிரசவத்துக்கு ஒரு வரி. தேதி, நேரம், ஆணா பெண்ணா, எடை, தாயின் நிலை. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கும்: ‘வேம்பு பூத்துவிட்டது.’ ‘கூழைக்கடா வந்தாயிற்று.’ ‘பனையில் தூக்கணாங்குருவி கூடு.’ தாமிரபரணி கரை புரண்ட 1992 நவம்பரில் ஒரு வரி: ‘பஸ் இல்லை. நடந்து போனேன். பெண், 3 கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். மழை விட்டுத் தவளைச் சத்தம்.’ நான் பிறந்த நாளுக்கு நேரே, ‘பேத்தி. 2 கிலோ 900. புளியமரத்தில் நாரை சுள்ளி சுமக்கிறது’ என்று இருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் கொல்லைப் புளியமரத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் உண்டு. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது காற்றில் ஒரு குஞ்சு கீழே விழுந்தது. ஆச்சி அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, கழித்துப் போட்ட கொக்கித் தராசு ஒன்று வீட்டில் கிடந்ததே, அதில் தொங்கவிட்டு நிறுத்தார். குழந்தையை நிறுக்கும்போது எப்படி ஓர் உள்ளங்கையை அடியில் தொடாமல் விரித்து வைத்துக்கொள்வாரோ, அதே மாதிரி. முள் ஆடி நிற்கும்வரை மூச்சே விடவில்லை. ‘1 கிலோ 100’ என்று நோட்டில் ஏறியது. குளத்துப் பொடிக் கெண்டை மீன்களை நாள் முழுக்க ஊட்டினோம். இரண்டு வாரத்தில் அது இறந்துவிட்டது. ஆச்சி புளிய மரத்தடியிலேயே புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தடுப்பூசிப் பெட்டியோடு வேலைக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்துதான் அழுதார்.

வேலையில் கண்டிப்பு அதிகம். தொப்புள்கொடியில் சாம்பலோ மஞ்சளோ வைக்க வந்தால் யாராயிருந்தாலும் கையைத் தட்டிவிடுவார். கண்ணெதிரே ரணஜன்னியில் (டெட்டனஸ்) பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் சமைக்க ஆள் இல்லையென்றால், மறுநாள் உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுத் தூக்குச்சட்டியில் கொண்டுபோவதும் அவர்தான். எங்களுக்கு அதில் வழித்த சட்டி மட்டும்தான் கிடைக்கும்.

ஆச்சி கையில் பிறந்தவர்கள், அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நோட்டில் தேடிச் சொல்கிறேன்.

மூலைக்கரைப்பட்டியிலிருந்து ஒரு மறுமொழி

என் மூத்தவனுக்கு நர்ஸம்மாதான் பிரசவம் பார்த்தார்கள். நர்ஸம்மா கைராசிக்காரர் என்பதால், அவர்களே பிள்ளைக்குச் சேனை (பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் முதல் இனிப்பு; வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்) வைக்க வேண்டும் என்று என் மாமியார் கருப்பட்டித் தண்ணீரோடு நின்றார்கள். நர்ஸம்மா அந்தக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையை என் மார்பில் போட்டார்கள். “சீம்பால்தான் மதினி சேனை. இவன் தன் தாயைப் போல வரட்டும்” என்றார்கள். மாமியாருக்கு மூன்று நாள் கோபம். பிறகு மற்ற மருமகள்களுக்கு அவர்களே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது மனப்பாடம். சொல்லிக்கொடுத்தது நர்ஸம்மாதான்.

இன்னொரு மறுமொழி

அக்கா, நான் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறேன். 1986 ஜனவரி 23, பின்னிரவில் பிறந்தேன். மாதம் நிறையாமல் பிறந்ததால் பிழைப்பேனா என்று பயந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த நேரத்தில் வண்டி இல்லை. என்னை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டு விடியும்வரை உங்கள் ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக அம்மா சொல்வார். அம்மாவும் இப்போது இல்லை. என்னைப் பற்றி அந்த நோட்டில் ஏதாவது இருக்கிறதா?

பேத்தியின் பதில்

தம்பி, இருக்கிறது. இரண்டாம் நோட்டு. மற்றவர்களுக்கு ஒரு வரி. உங்களுக்கு ஒரு பக்கம் முழுவதும். அப்படியே எழுதுகிறேன்.

‘23.1.86. இரவு 2.40. ஆண். 2 கிலோ 100. அழ நேரமாயிற்று. அழுதான்.’ அதற்குக் கீழே நாள்தோறும் எடை. ஐந்தாம் நாள் 2 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் பென்சில் அழுந்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. பிறகு ஏறுகிறது. 2 கிலோ 50. 2 கிலோ 150. ஒரு நாளும் விடவில்லை, மழையும் ஞாயிறும் பார்க்காமல் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். கடைசி வரி இது:

‘26ஆம் நாள். 2 கிலோ 500. இனி வாரம் ஒரு முறை போதும். குளத்தில் வரித்தலை வாத்துகள் இன்னும் போகவில்லை.’