தூண்டில் ராடு நூல் கட்டுல எபாக்ஸி குழி குழியா நிக்குது, என்ன ஃபினிஷ் போடலாம்?

7 அடி கிராஃபைட் பிளாங்க்ல (வெறும் கம்பு) நானே கட்டுற ரெண்டாவது தூண்டில் ராடு இது. கைடுக்கு (தூண்டில் நரம்பு போற வளையம்) சுத்தினது ஏ சைஸ் நைலான் நூல், வெளிர் நீலம். நிறம் கருக்காம இருக்க கலர் பிரிசர்வர் 2 கோட் கொடுத்து ஒரு நாள் முழுக்க காயவிட்டு அதுக்கு மேல ஹை பில்ட் (கெட்டியான) எபாக்ஸி போட்டேன், 5 நாள் ஆச்சு. பிசுபிசுப்பு இல்ல, நல்லா இறுகிடுச்சு, ஆனா கைடு கால் (வளையம் கம்புல உக்காருற பாகம்) பக்கத்துல மட்டும் எபாக்ஸி ஒட்டாம விலகி வட்ட வட்டமா குழி, நடுவுல நூல் அப்படியே தெரியுது. முதல் ராடுக்கு பிரிசர்வரே போடல, அதுல குழி வரல (நீலம் கருநீலமாயிடுச்சு, அது வேற சோகம்).

சிரிஞ்சுல 1:1 சரியா அளந்து, மெதுவா கலக்கி, ஃபாயில்ல ஊத்தி குமிழி போனதுக்கு அப்புறம்தான் தடவினேன், மோட்டார்ல 4 மணி நேரம் சுத்தவும் விட்டேன். ஒரு கைடுல மட்டும் லேசா உப்புத்தாள் தேய்ச்சு ஆல்கஹால்ல துடைச்சு இன்னொரு கோட் போட்டு பாத்தேன், அதே இடத்துல திரும்ப விலகுது.

லைட் பில்ட் எபாக்ஸி மெல்லிசா 2 கோட் போட்டா இந்த குழி மூடுமா, இல்ல நூலை அறுத்துட்டு பிரிசர்வர் தேவைப்படாத என்சிபி நூல்ல திரும்ப சுத்தணுமா?