குத்தகை நிலத்துல நெல்லு முழுகிடுச்சு, நிவாரணம் யார் கணக்குல ஏறும்?

ஆத்தோரத்தான்:
விழுப்புரம் மாவட்டம், தென்பெண்ணை ஓரத்துல ஊரு. மூணு காணி குத்தகைக்கு எடுத்து சம்பா நட்டிருந்தேன். ஃபெஞ்சல் புயல் மழைக்கே பாதி சாஞ்சிடுச்சு, அப்புறம் 2024 டிசம்பர் 2 விடிகாலைல சாத்தனூர் அணைல நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தொறந்து விட்டாங்கள்ல, அதோட முடிஞ்சது கதை. பொதி கட்டுற பயிரு, இப்ப மேல முழங்கால் அளவுக்கு மணல். ரெண்டு வெள்ளாடும் போச்சு, ஒண்ணு ஆத்தோட, இன்னொண்ண மறுநாளே புதைச்சிட்டோம். ஹெக்டேருக்கு 17,000னு அறிவிச்சிருக்காங்க, விஏஓ கிட்ட கேட்டா பட்டா யார் பேர்லயோ அவங்களுக்குத்தான்ங்கறார். நிலத்துக்காரர் சென்னைல இருக்கார், குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சுதான். எனக்கு ஏதாவது தேறுமா?

மேலக்காட்டு சம்சாரி:
தம்பி, பட்டாவ விடுங்க, அடங்கல்ல (விஏஓ எழுதற பயிர் கணக்கு) சாகுபடி பண்றவர்னு யார் பேரு ஏறியிருக்குன்னு முதல்ல பாருங்க. கணக்கெடுக்க விஏஓவும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து வருவாங்க, அவங்க போறதுக்குள்ள நிலத்துக்காரர்கிட்ட இந்த வருஷம் இன்னார்தான் பயிர் வச்சாருன்னு ஒரு கடிதம் வாங்கி அடங்கல்ல உங்க பேர ஏத்த சொல்லுங்க, லிஸ்ட் தாலுகாவுக்கு போயிட்டா அப்புறம் மாத்த நாய் படாத பாடு படணும். சேதம் 33 சதவீதத்துக்கு மேல இருந்தாதான் கணக்குல வரும், உங்களுக்கு அதுல பிரச்சனை இல்ல. மணல நீங்களா அள்ளிடாதீங்க, போட்டோ எடுத்து வைங்க. மூணு இன்ச்சுக்கு மேல படிஞ்சிருந்தா அத அகற்ற சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000னு மத்திய அரசு பேரிடர் விதியில தனியா இருக்கு, யாரும் கேக்காததால நிறைய பேருக்கு தெரியாது, மனுவுல அதையும் சேத்து எழுதுங்க. ஆட்டுக்கு 4,000 உண்டு, ஆனா புதைக்கறதுக்கு முன்னாடி கால்நடை டாக்டர் பாத்து சான்று குடுத்திருக்கணும். பக்கத்துல சாட்சி இருந்தா மனு போட்டு வைங்க, வரும்னு அடிச்சு சொல்ல மாட்டேன்.

டெல்டாக்காரன்:
17,000 17,000ங்கறாங்க, ஏக்கருக்கு 6,900 கூட வராது சார். மூணு காணின்னா நாலு ஏக்கர், மொத்தமா 27,000 சொச்சம். உழவு, நடவுக்கூலி, உரம்னு நாலு ஏக்கருக்கு இதுக்கு எவ்ளோ மேல போட்டிருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும், குத்தகை வேற தனி. 2021 ஜனவரில நிவர், புரெவி புயலுக்கு ஹெக்டேருக்கு 20,000 குடுத்தாங்க, நாலு வருஷம் கழிச்சு அது ஏறணுமா இறங்கணுமா?

காவேரி மணி:
இன்சூரன்ஸ் கட்டினீங்களா அண்ணா? நிவாரணமும் அதுவும் வேற வேற, ஒண்ணு வந்தா இன்னொண்ணு போயிடும்னு சிலர் பயமுறுத்துவாங்க, நம்பாதீங்க. ஆனா இந்த 2024 விதிப்படி காப்பீட்டுல நெல்லு முழுகினதுக்கு உங்க வயல தனியா பாத்து குடுக்க மாட்டாங்க, வருவாய் கிராமத்துல சில வயல்ல பயிர் அறுவடை சோதனை பண்ணி வர்ற சராசரி மகசூல்தான் கணக்கு, மேட்டுப்பக்கம் நல்லா வெளஞ்சிருந்தா ஆத்தோரத்துல இருக்கறவன் பாடு திண்டாட்டம்.

ஆத்தோரத்தான்:
இன்சூரன்ஸ் கட்டல மணி, அதுக்கும் அடங்கல் கேட்டாங்க, அப்பவே அலுத்துப்போய் விட்டுட்டேன். நிலத்துக்காரருக்கு போன் போட்டேன் அண்ணே, கடிதம் தரேன், வர்ற பணத்துல பாதி எனக்குங்கறார்.

மேலக்காட்டு சம்சாரி:
முதல்ல இந்த வருஷ குத்தகைய தள்ளுபடி பண்ணுவாரான்னு கேளுங்க. பாதிக்கு ஒத்துக்கிட்டாலும் பணம் உங்க பேங்க் கணக்குக்கு வர்ற மாதிரி பாத்துக்குங்க, ஆதார் இணைச்சிருக்கான்னு இப்பவே பேங்க்ல போய் கேட்டுடுங்க.

டெல்டாக்காரன்:
பாதியா? மணல் அள்ளுற ஜேசிபி வாடகையிலயும் பாதி தருவாராமா?